கடுதாசியில் மட்டும்

யோகமலரின் இலக்கம் அறுபத்து மூன்று. வீட்டு வாரிய அலுவலகத் திரையில் அப்போதுதான் ஐம்பத்தெட்டு.

வீட்டுப் படிவத்தை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடி, ஒற்றை அறை அரசாங்க வீடு. வருமானத்துக்கு ஏற்ற வாடகை. பெயர் பதிந்து பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்தது. அது போனால், பேக்கரியில் பாண் அடுக்கி அவள் எடுக்கிற சம்பளத்துக்கு ரொறன்ரோவில் ஒரு நிலக்கீழ் அறைகூட அகப்படாது.

இந்த வருடம் விதி மாறியிருந்தது. வீட்டுப் படிவத்தில் இருப்பதும் வரிப் பத்திரத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பக்கத்துக் கதிரையில் ஆறாம் மாடி ஷாமிலா.

"என்ன மலரக்கா யோசிக்கிறியள்? போன முறை போட்ட மாதிரியே போட்டிட்டு வாங்கோ. எங்கட பில்டிங்கில எல்லாரும் உள்ளதை எழுதினா அரைவாசிப் பேர் நடுறோட்டிலதான் நிக்க வேணும்."

போன முறை போட்டது வேறொன்றுமில்லை. யோகமலரும் புருஷன் இராஜரட்ணமும் பிரிந்துவிட்டார்கள் என்பதுதான்.

அது எட்டு வருடத்துக்கு முன்னால் வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற அன்புராசா சொன்ன யோசனை. பிரிந்தவள் என்றால் வாடகையை அவளுடைய சம்பளத்தை மட்டும் பார்த்துப் போடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருகிற வரிச் சலுகையும் ஒன்றுக்கு இரண்டாக வரும். இராஜரட்ணத்துக்குப் பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு சிநேகிதனின் விலாசம்.

"கடுதாசியில மட்டும்தானே அக்கா பிரியிறியள்," என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளடி கீறிக் கொடுத்தான்.

புள்ளடி இருந்த இடத்தில் அவள் போட்டாள். வாசிக்கவில்லை. புருஷன் பக்கத்தில் இருக்கும்போது யார் வாசிக்கிறார்கள்?

கடுதாசியில் பிரிந்த மனிதர் சோபாவில்தான் இருந்தார். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். வீட்டைப் பார்வையிட வருகிறோம் என்று அறிவித்தல் வந்தால் மட்டும், கதவுத் திறப்பைச் சட்டைப்பையில் போட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்படியால் இறங்குவார்.

அவருடைய சாரங்களையும் சவர சாமான்களையும் பையில் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளுவது யோகமலர். வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் யோகமலர்தான்.

முந்தாநாள் புதுப் படிவம் வந்தபோது, அவள் முதல்முறையாகக் கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாகக் கைபேசியில் தட்டித் தட்டி வாசித்தாள். பொய் எழுதினால் வீடு போகும் என்றிருந்தது.

"இந்தமுறை உள்ளதை எழுதுவமப்பா," என்றாள். "வாடகை கூடினால் கூடட்டும். உங்கட பேரையும் போட்டு நிம்மதியா இருப்பம்."

இராஜரட்ணம் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ர சம்பளத்தை உவங்களுக்கு ஏன் காட்டுவான்? உதில இருக்கிறது உன்ர பேர், உன்ர கையெழுத்து. பிடிபட்டா உன்னைத்தான் கேப்பாங்கள். நான் பிறம்ரன்காரன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். தேத்தண்ணியும் கேட்டார்.

அவள் போட்டுக் கொடுத்தாள்.

திரையில் அறுபத்து மூன்று வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ராகுலன். இங்கேயே பிறந்து வளர்ந்த அதிகாரி. யோகமலரின் கட்டடத்துக்கு அடிக்கடி வந்து போகிறவன். யோகமலர் பேனையை எடுத்து அவன் முன்னாலேயே நிரப்பத் தொடங்கினாள்.

வீட்டில் இருப்பவர்கள்: ஒருவர்.

'பிரிந்து வாழ்பவர்' என்ற பெட்டியில் அழுத்திப் புள்ளடி போட்டாள்.

ராகுலன் கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அன்ரி, போன கிழமை லிஃப்ற்றில நான் அங்கிளைக் கண்டனான். சீரியஸாச் சொல்லுறன். சைன் பண்ணினாப் பிறகு பொய்யெண்டு தெரிஞ்சா வீட்டை எடுத்துப்போடுவினம். அங்கிளின்ர பேரைச் சேருங்கோ, மிச்சத்துக்கு நான் ஹெல்ப் பண்ணுறன்."

"தெரியும் தம்பி. வடிவா வாசிச்சிட்டுத்தான் வந்தனான்."

அடுத்த வரியில் 'பிரிந்த திகதி'. எட்டு வருடத்துக்கு முந்தைய திகதி ஒன்று அதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அவள் அதை ஒரே கோட்டால் வெட்டினாள். மேலே புதிதாக எழுதினாள். கையெழுத்துப் போட்டுப் படிவத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

ராகுலன் வாசித்தான். இன்னொரு முறையும் வாசித்தான்.

"அன்ரி, மாறிப் போட்டிட்டியள். இண்டைய திகதி கீழ, உங்கட சைனுக்குப் பக்கத்தில வாறது."

"அங்கயும் போட்டிருக்கிறன். பாருங்கோ."

பார்த்தான். போட்டிருந்தாள்.

"அப்ப அந்தப் பழைய வருசமெல்லாம்... கேப்பினம் அன்ரி. திருப்பிக் கட்டச் சொல்லுவினம்."

"கேக்கட்டும். கையெழுத்து என்ரதானே, நான் கட்டுறன். மாசம் மாசம் கொஞ்சங் கொஞ்சமாக் கட்டலாமோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அவன் எழுதிக்கொண்டான். பேனை பாதியில் நின்றது.

"அப்ப அங்கிள் எங்க?"

"காலமை பத்தரைக்குப் போயிட்டார்," என்றாள் யோகமலர். "கதவுத் திறப்பை வாங்கிப்போட்டுத்தான் விட்டனான்."