குதித்த உயரம்

ஆறடி எட்டங்குலம் வளர்ந்திருந்த எபநேசரை ரிங்குக்குக் கீழே நிறுத்தத்தான் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்த்தார்கள். எம்பிப் பந்தைப் பிடித்து உள்ளே போடுவது அவன் வேலை. தீபாவளி கழிந்ததும் அவன் தினமும் ரிங்கைவிட்டுத் தள்ளி, த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று முந்நூறு தடவை பந்தெறியத் தொடங்கினான். "உன் உயரத்துக்குச் செய்யுற வேலையாடா இது?" என்று திட்டிய கோச் மாசிலாமணி, பங்குனியில் பத்துக்கு ஏழு விழுவதைப் பார்த்துத் திட்டுவதை நிறுத்தினார். மாநில அணித் தேர்வுக்கு அவரே அழைத்து வந்தார்.

முதல் சோதனை சுவரோரம் நடந்தது. சாக்பொடி தொட்ட விரலால், நின்றபடி எட்டும் உயரத்தில் ஒரு தடம் வைக்க வேண்டும். பிறகு எம்பி இன்னொன்று. எபநேசர் இரண்டையும் வைத்தான். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்கூட இடைவெளி இல்லை.

"விளையாடாதடா. ஒழுங்கா குதி."

"குதிச்சேன் சார்."

மாசிலாமணி சுவரைப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"தீபாவளிக்கு முந்தின மேட்ச்ல விழுந்தேன்ல, அப்போ முட்டி போயிடுச்சு. சொன்னா டீம்லேருந்து எடுத்துருவீங்கன்னு…"

இத்தனை மாதமும் அவர் பந்து விழுவதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அவன் கால் தரையை விட்டு எழும்புகிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

"இன்னொரு சான்ஸ் இருக்கு, குதிக்கச் சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

எபநேசர் மறுபடி சாக்பொடியில் விரலைத் தொட்டான்.