நூலில் கட்டிய ஈயம்

மரியநேசனின் தம்பி ராயப்பன் இந்த முகத்துவாரத்தில் மூழ்கிச் செத்து மூன்று மாதமாகிறது. அன்று அவனோடு யார் வந்தது என்று தெரியவில்லை. அவனுடைய கூட்டாளி கஸ்பார், தான் இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லையென்று துக்க வீட்டில் மாதா மேல் சத்தியம் செய்தான். கொடுவா பிடிக்கலாம் வா என்று இன்று அவனைக் கூட்டிவந்தது மரியநேசன்தான்.

தூண்டில் பெட்டியை நீட்டினான். கஸ்பார் சின்னக் குண்டுகளைத் தொடவில்லை. இருப்பதிலேயே பெரிய ஈயக்குண்டை எடுத்து, தூண்டில் நரம்பில் கோக்காமல், தையல் நூலில் தனியாகத் தொங்கவிட்டுக் கட்டினான்.

"ஏலே, நூலு அந்துராதா?"

"அந்து போவத்தாண்ணே கட்டுறது. பாறையில மாட்டுனா குண்டு மட்டும் போவும். முள்ளும் மீனும் நமக்கு."

"அடியில பாறை கெடக்குன்னு யாருலே சொன்னா?"

முடிச்சை இறுக்கிய விரல்கள் நின்றன.

"பாத்தாலே தெரியுதேண்ணே."

மரியநேசன் குனிந்து பார்த்தான். மழைத்தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. முழங்கால் ஆழத்தில் நின்றிருந்த அவனுக்குத் தன் பாதமே தெரியவில்லை.