மனசுக்குள் கேட்டது

மதியம் கடையை அடைத்துவிட்டு வந்த தௌபீக், சாப்பிட்டுவிட்டு மனைவி ஷாஹினாவின் கையைப் பிடித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தொடரில், புருஷனின் முகத்தோடு வீட்டுக்குள் புகுந்த எந்திரத்திடம் ஒருத்தி, பெண் பார்த்த அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். எந்திரம் முழித்தது.

ஷாஹினா சிரித்தாள். "மச்சான், நீங்க விளாத்திகுளத்துக்கு என்னயப் பாக்க வந்தன்னைக்கு நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

"நீ எங்க பேசுனட்டி? கதவுக்குப் பின்னால நின்னு, காது பெருசா இருக்கேன்னு மனசுக்குள்ள சிரிச்ச. அப்புறம், யா அல்லாஹ், இவரையே எனக்குக் குடுன்னு கேட்ட."

அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. கையை மெல்ல உருவப் பார்த்தாள். அவன் விடவில்லை.

டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இன்னொன்னு கேளுட்டி," என்றான்.