உம்

"'குணமாகும்'ங்கிற வார்த்தையே ஆகாதாம், மாமா. நெட்ல போடச் சொல்லி அனுப்பின விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

மைத்துனன் போனை நீட்டினான். தியான ஆசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

"என்ன காரணமாம்?"

"வைத்தியம் படிக்காதவங்க வியாதி தீரும்னு சொல்லக்கூடாதாம். விதி நாலு."

வீட்டின் முன்னறைதான் பயிற்சிக்கூடம். சுவரோரமாக நீலத் திண்டுகள், மூலையில் மின்சாரத்தில் சலசலக்கும் ஒரு சின்ன நீரூற்று. பயிற்சிக்குப் பெயர் 'கேட்டல் தியானம்'. அடுத்தவர் பேசுவதை முழு மனதோடு கேட்கப் பழகினாலே பாதிக் கவலை பறந்துவிடும் என்பது ஆசிரியரின் கொள்கை.

கொள்கை நன்றாகத்தான் இருந்தது. ஆள்தான் வரவில்லை. இந்த மாதமும் திண்டுகள் காலியாகவே கிடந்தால் கூடத்தை மூடிவிட்டு, விட்டு வந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கே திரும்பிப் போய், அந்தப் பழைய மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வருவதற்கும் அவரிடம் ஒரு பயிற்சி இருந்தது.

"அப்ப இப்படிப் போடு. 'உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா?'"

மைத்துனன் தட்டி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் போன் கிணுகிணுத்தது.

"படிக்கிறவங்க குறையைக் குத்திக்காட்டக் கூடாதாம். விதி ஏழு."

"அக்கறையா விசாரிக்கிறதும் குத்தமாடா? மெஷினுக்கு என்ன தெரியும்."

"மெஷின் இல்ல மாமா. தமிழ் விளம்பரத்துக்குன்னு தனியா ஒரு ஆளை வெச்சிருக்காங்களாம். எல்லாத்தையும் அவங்கதான் படிச்சுப் பாக்கறாங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. ஆசிரியரின் மனைவி, கழுத்தில் ஹெட்போன் தொங்க, காலி டம்ளரோடு வெளியே வந்தாள். ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பகலெல்லாம் கதவு சாத்தியே இருக்கும்.

"சமையலறைக் குழாய் ஒழுகிட்டே இருக்குங்க. பிளம்பருக்குச் சொன்னீங்களா?"

"உம்."

"இன்னிக்கு என் வேலையில ஒரு வேடிக்கை..."

"உம். அப்புறம் பேசலாம். இங்க தலை போற காரியம் ஓடிட்டு இருக்கு."

அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"'குடும்பத்தில் அமைதி நிச்சயம்'. இதுல என்ன தப்புக் கண்டுபிடிக்கிறாங்கன்னு பாக்கலாம்."

அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

"'நிச்சயம்'னா அத்தாட்சி காட்டணுமாம். விதி பதினொண்ணு. மாமா, இன்னும் ரெண்டு தடவை தப்பாப் போச்சுன்னா நம்ம கணக்கையே மூடிடுவாங்க. அப்புறம் விளம்பரமே போட முடியாது."

ஆசிரியர் மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். வகுப்பில் சொல்லித் தருவதுபோல வரவில்லை.

"என்னைப் பத்தியே போட்டுடு. அதுல யாரும் வாய் வைக்க முடியாது. 'பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில் கைதேர்ந்த ஆசிரியர்.'"

இந்தத் தடவை பதில் வரச் சற்று நேரமாயிற்று. வந்ததை மைத்துனன் இரண்டு முறை படித்தான்.

"'உண்மைக்குப் புறம்பானது.'"

"விதி எத்தனை?"

"விதி நம்பர் எதுவும் போடல, மாமா."

ஆசிரியர் முதல்முறையாகக் கண்ணை முழுதாகத் திறந்தார். "முன்னப்பின்னத் தெரியாத ஆளு என்னைப் பத்தி எப்படிச் சொல்லலாம்? நான் யார் பேச்சையும் கேக்கறதில்லையா? நீயே சொல்லு."

"சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். இனிமே இங்க வர முடியாது."

"உம்," என்றார் ஆசிரியர். பிறகுதான் அது காதில் ஏறியது. "என்னது? இதை ஏன்டா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"இதோட நாலாவது தடவை, மாமா. ஒவ்வொரு தடவையும் உம் கொட்டினீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. வகுப்புக்கு வந்த ஒன்றிரண்டு பேரும் ஏன் பாதியிலேயே நின்றுபோனார்கள் என்பது இப்போதுதான் லேசாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போய் நீரூற்றை அணைத்தார். அணைத்த பிறகும் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு. நான் சொல்றதை அப்படியே அடி. 'பிறர் சொல்வதைக் கேட்க எனக்குத் தெரியாது. இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம்.'"

"இதைப் படிச்சுட்டு எவன் மாமா வருவான்? இதுவும் திரும்பிச்சுன்னா கடையைக் கட்ட வேண்டியதுதான்."

"பரவாயில்ல. அனுப்பு."

மைத்துனன் அனுப்பினான். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தொடங்கியது.

போன் கிணுகிணுத்தது.

"ஏத்துக்கிட்டாங்க, மாமா," என்றவன் நெற்றியைச் சுருக்கினான். "கீழ ஏதோ குறிப்பு எழுதியிருக்காங்க."

"உரக்கப் படி. கேக்கறேன்."

"'விளம்பரம் ஏற்கப்பட்டது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.'"