கரையில் கிடந்த ஜாக்கெட்டுகள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் படகுச் சவாரிக்கு வருகிறார்கள் என்று கேட்டதிலிருந்து, ஏரிக்கரைக் கொட்டகையில் தொங்கிய பழைய லைஃப் ஜாக்கெட்டுக்கு நிம்மதி போயிற்று. அதன் உள்ளே இருந்ததெல்லாம் ஊறி இற்றுவிட்டது; அதை நம்பித் தண்ணீரில் விழும் பிள்ளை மூழ்கித்தான் போகும்.

"ஒரு பிள்ளையக் கொன்னுடுவேன் தம்பி" என்றது துடுப்பிடம்.

துடுப்பு சிரித்தது. "பயப்படாதீங்கண்ணே. சவாரிக்குத் திட்டம் போட வந்த பள்ளிக்கூட சார் சொன்னதைக் கேட்டேன். பெத்தவங்களுக்கு அனுப்ப போட்டோ எடுத்ததும் எல்லாத்தையும் கழட்டிடுவாங்களாம். புழுக்கமாம்."

அப்படியே நடந்தது. கரையில் குவியலோடு கிடந்த பழைய ஜாக்கெட் நிம்மதியாக மூச்சு விட்டது. படகு நடு ஏரிக்குப் போனபோது காற்று கிளம்பியது. பிள்ளைகளின் பாட்டு நின்றது.

குவியலின் அடியிலிருந்து புது ஜாக்கெட் ஒன்று கேட்டது: "அண்ணே, நான் நல்லாத்தானே இருக்கேன்? என்னை ஏன் கழட்டினாங்க?"

பழையது ஏரியைப் பார்க்காமல் சொன்னது: "போட்டோவுல நீதான் பளிச்சுன்னு இருந்தே."