முன்னால் ஒரு சைபர்

நான் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா எழுந்துபோய் மார்க்கரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வந்ததும் வராததுமாய்ப் பலகைக்குப் பாய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேலை கேட்டு வந்த முப்பத்திரண்டு பேரைச் சலித்தவன் நான். அவர்களில் பதினோரு பேர் இந்த ஒரு கேள்வியில்தான் கோட்டை விட்டார்கள்.

கேள்வி சின்னது. எங்களுடையது உதிரிபாகக் கிடங்கு. பாகத்தின் எண் முழுதாக ஞாபகம் இல்லாதவர்கள் தெரிந்ததை மட்டும் தட்டித் தேடுவார்கள். ஒரே ஓர் இலக்கம் மறந்துபோனால் அந்த இடத்தில் கேள்விக்குறி. எத்தனை இலக்கம் மறந்தது என்பதே மறந்துபோனால் நட்சத்திரம். *47? என்று தட்டினால் 473 என்ற பாகம் கிடைக்குமா, கிடைக்காதா?

ஒவ்வொரு வாய்ப்பையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டருக்கே நாக்குத் தள்ளிவிடும். அதனால் கட்டம் போடவேண்டும். தட்டியதை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், எண்ணை மேலே குறுக்காகவும் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இதுவரை பொருந்துகிறதா என்று டிக்கோ பெருக்கல் குறியோ போடவேண்டும். பக்கத்துக் கட்டங்களில் ஏற்கெனவே போட்டதைப் பார்த்தே அடுத்ததைப் போட்டுவிடலாம். பழசைத் திரும்பக் கிளற வேண்டியதில்லை.

அவருடைய விண்ணப்பத்தில்தான் கிளற வேண்டியது நிறைய இருந்தது. நான் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியில் நாலு வருஷம். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் வெறும் வெள்ளைத்தாள்.

இது ஒன்பதாவது இன்டர்வியூவாம். எட்டுப் பேரும் அந்த வெள்ளைத்தாளைப் பார்த்ததுமே ஃபைலை மூடிவிட்டார்களாம். மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேரவேண்டும், வேலை கட்டாயம் வேண்டும் என்றார். கெஞ்சவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார்.

மூடுவதற்கு நானும் தயாராகத்தான் இருந்தேன்.

ஸ்கேல் இல்லாமலே கோடுகள் நேராக விழுந்தன. முதல் வேலையாக அவர் இடது ஓரத்துக்குப் போனார். எண்ணின் ஓர் இலக்கம்கூட இன்னும் வராத இடத்தில், நட்சத்திரத்துக்கு நேராக அழுத்தமாய் ஒரு டிக். மிச்சக் கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. கடைசிக் கட்டத்திலும் டிக். 473 கிடைக்கும் என்றார்.

பன்னிரண்டாவது ஆள்.

"தப்பு மேடம். நட்சத்திரம் இருக்கிற இடத்துல ஒரு நம்பராவது இருக்கணும்."

"ஒன்னுமே இல்லாட்டியும் அது ஒத்துக்கும் சார்."

முன்பு ஒருவன் இதையே சொல்லி வாதாடினான். எதிர்த்துப் பேசுகிறவன் நமக்குச் சரிப்பட்டு வரமாட்டான் என்று அனுப்பிவிட்டேன்.

விடைத்தாளை அவர் முன்னால் தள்ளினேன். எங்கள் தேடல் புரோகிராமே போட்டுக் கொடுத்த விடை அது. கிடைக்காது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கம்பெனி மூன்று முதலாளிகளிடம் கைமாறி, பெயரும் இரண்டு முறை மாறிவிட்டது. புரோகிராம் மட்டும் மாறவில்லை. எழுதியது யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதன் முதல் வரியில், ‘ஒரு பாக்கி இருக்கிறது, திங்கட்கிழமை வந்து முடிக்கிறேன்’ என்று ஒரு குறிப்பு மட்டும் உண்டு. அதனால் அந்த மனிதருக்கு எங்கள் ஆபீசில் திங்கட்கிழமைக்காரர் என்று பெயர். யாராவது வேலையை இழுத்தடித்தால், நீ என்ன திங்கட்கிழமைக்காரருக்குத் தம்பியா என்று கேட்போம்.

அந்த அம்மா விடைத்தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகக் கிடங்கின் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா நம்பருக்கும் முன்னால ஏன் சார் ஒரு சைபர்?"

அது எங்கள் வழக்கம். 473 என்றால் 0473 என்றுதான் லேபிள் ஒட்டுவோம். முதல் முதலாளியின் ராசி என்பார் கிடங்கு மேஸ்திரி. வெளிநாட்டு முறை என்று நான் புதியவர்களிடம் அளந்துவிடுவேன். சைபர் போடாத பெட்டி நட்சத்திரம் போட்டுத் தேடினால் சில சமயம் அகப்படாது, அதனால் போடுகிறோம் என்று அந்த அம்மாவிடம் விளக்க ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தவன் பாதியில் நின்றேன்.

நட்சத்திரம் ஒன்றுமில்லாததையும் ஒத்துக்கொண்டிருந்தால் இந்தச் சைபருக்கு வேலையே இல்லை. அந்த நட்சத்திரத்தின் வாயில் போடுவதற்காகத்தான் இத்தனை வருஷமாக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சைபர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். பிழையைத் திருத்தாமல் கிடங்கையே அதற்கு ஏற்றபடி திருத்தியிருக்கிறோம். சரியாகச் சொன்ன பதினோரு பேரை நான் டீ கொடுத்து வழியனுப்பியிருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, புரோகிராமின் நகல் ஒன்றைத் திறந்துவிட்டேன். முதல் வரியை இரண்டு முறை படித்தார். அப்புறம், இரண்டாயிரம் வரிகளில் எதையும் தேடாமல், மின்சாரம் போன நேரத்தில் சொந்த வீட்டுச் சமையலறைக்குள் நடக்கிறவர்போல் நேரே ஓர் இடத்துக்குப் போனார். இடது ஓரத்துக் கட்டங்களை நிரப்பும் இடம். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

மூன்று வரி சேர்த்தார். சைபர் இல்லாத 473 திரையில் வந்து நின்றது.

நான் ஃபைலை மூடவில்லை.

"எப்ப மேடம் வந்து சேர முடியும்?"

அவர் மார்க்கருக்கு மூடி போட்டார்.

"திங்கட்கிழமைன்னு சொன்னா நம்புவீங்களா சார்? போன தடவை அப்படித்தான் எழுதி வச்சுட்டுப் போனேன். ஞாயித்துக்கிழமையே பொண்ணு பொறந்துட்டா."