டைரக்ட் ஃபேன்

"வண்டிய நிறுத்துனதும் மொதல்ல இன்னா பண்ணணும்?" என்று போன வாரம் அத்தா முபீனாவைக் கேட்டார். வெயிலில் கார் கொதிக்கிறதென்று, ரேடியேட்டர் ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, தனி சுவிட்ச் வைத்திருந்தார்.

"ஃபேன ஆஃப் பண்ணணும்."

"ஆங். சாவிய எடுத்தாலும் அது ஓடிக்கினே இருக்கும். மறந்தா பேட்டரி காலி."

இன்று அந்தக் காரில்தான் அக்கா சிஃபாவை ஊத்துக்கோட்டையில் புருஷன் வீட்டில் விட வேண்டும். அவன் அறைந்த கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. "போய்த்தான் ஆவணும். நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று அத்தா காலையிலிருந்தே கறாராக இருந்தார்.

தொப்பியைக் காணாமல், தலையில் கர்ச்சீப் கட்டி அஸர் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருகினார். கார் முனகக்கூட இல்லை.

"ஃபேன் சுவிட்ச யாரு போட்டது?" என்று வாசலுக்குத் திரும்பி வந்து கத்தினார்.

"பஸ்ல இட்டுக்கினு போங்களேன்" என்றாள் அம்மா.

"இந்த மூஞ்சோடவா? மாப்ளைக்கு போன் போட்டு, வண்டி பேஜாரு பண்ணுது, இப்போ வர முடியாதுன்னு சொல்லு."

அம்மா முபீனாவை முறைத்தாள். "உன் வேலதானடி?"

"நாந்தான்மா."

அம்மா திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

மதியம் எல்லாரும் படுத்திருந்தபோது, அந்த சுவிட்சைப் போடத்தான் முபீனா, காலையிலிருந்து யாரும் எடுக்காமல் தெருமுனையில் நின்ற காருக்குப் போனாள். ஆனால் அவள் கதவைத் திறக்கும் முன்பே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் அத்தாவின் தொப்பி கிடந்தது.

துப்பட்டாவுக்குள் ஒளித்திருந்த அதை இப்போது அவரிடம் நீட்டினாள்.

அத்தா கர்ச்சீப்பை அவிழ்த்தார். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.